மின்னல் தீர்த்து வைத்த வழக்கு



‘திரையில் குழந்தை’ என்ற பொருளில் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். அப்படிச் சொன்னதும் நம் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் கண்ணீர் வரவழைக்கும் படங்கள்தாம். தாயைப் பிரிந்த பிள்ளை, பசியோடு தெருவில் நிற்கும் பிள்ளை, பெரியவர்களின் சண்டைக்கு நடுவே சிக்கிக்கொண்ட பிள்ளை. நான் எடுத்துக்கொண்டிருப்பது அந்த வரிசையில் சேராத ஒரு படம். எட்டு வயதுச் சிறுமி கொலை செய்கிறாள், அதுவும் ஒன்றல்ல. 1956இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட, மெர்வின் லெராய் இயக்கிய ‘தி பேட் சீட்’. கெட்ட விதை என்று பொருள். உளவியல் திகில் படங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் அவர்கள் இதில் பார்ப்பது பெரும்பாலும் அந்தச் சிறுமியை. நான் அவளுடைய தாயைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவை வெளியே சொல்ல வேண்டாம் என்று படத்தின் இறுதியில் ஓர் அறிவிப்பு வரும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கட்டுப்பாடு நம்மைப் பிணைக்காது என்று நினைக்கிறேன்.

ரோடா பென்மார்க் பார்ப்பதற்கு எந்த வீட்டிலும் கொண்டாடப்படும் பெண். இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, கஞ்சி போட்ட கவுன், பெரியவர்களைக் கண்டால் முழங்கால் மடித்து வணக்கம். தந்தை ராணுவக் கர்னல். படம் தொடங்கும்போதே பணி நிமித்தமாக வாஷிங்டனுக்குக் கிளம்பிவிடுகிறார். தாய் கிறிஸ்டீன் மகளோடு தனியாக இருக்கிறாள். பள்ளியில் அழகான கையெழுத்துக்கு ஒரு பதக்கம் கொடுக்கிறார்கள். அது ரோடாவுக்குக் கிடைக்காமல் கிளாட் டெய்கில் என்ற சிறுவனுக்குப் போகிறது. பள்ளிச் சுற்றுலாவில் அந்தச் சிறுவன் படகுத்துறை அருகே தண்ணீரில் மூழ்கி இறந்து கிடக்கிறான். உடலில் பிறை வடிவக் காயங்கள். பதக்கத்தைக் காணோம். ரோடா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, சக்கரம் வைத்த காலணியை மாட்டிக்கொண்டு விளையாடப் போகிறாள்.

பதக்கம் அவளுடைய அறையில் அகப்படுகிறது. அவள் காலணிகளில் அடிக்கப்பட்ட இரும்பு லாடம்தான் அந்தப் பிறைகள் என்பது பின்னால் தெரிகிறது. இதற்கு முன் விச்சிட்டா நகரத்தில் ஒரு கிழவி மாடிப்படியில் விழுந்து இறந்தாள். அவளிடமிருந்த அழகான கண்ணாடி உருண்டை ஒன்று தனக்கு வந்து சேர வேண்டும் என்று ரோடா ஆசைப்பட்டிருந்தாள். இதற்குப் பின் அந்த வீட்டு வேலைக்காரன் லெராய் தீயில் கருகிச் சாகிறான். அவன் அலறல் கேட்டுக்கொண்டிருக்கும்போது இவள் பியானோவில் ஒரு பிரெஞ்சுத் தாலாட்டுப் பாட்டை வாசிக்கிறாள்.

இந்தக் கொலைகளில் ஒன்றுகூடத் திரையில் காட்டப்படவில்லை. அந்தக் காலத்துத் தணிக்கை ஒரு காரணம். மேடை நாடகத்தை ஏறக்குறைய அப்படியே படமாக்கியது இன்னொரு காரணம். ஆனால் காரணம் எதுவானாலும் விளைவு பெரிது. நாம் பார்ப்பதெல்லாம் கொலையைக் கேள்விப்படுகிற ஒரு முகத்தை. அது தாயின் முகம்.

கதையின் மூலம் வில்லியம் மார்ச் எழுதிய நாவல். அலபாமா மாநிலத்து மொபைல் நகரத்தில் 1893இல் பிறந்தவர். இயற்பெயர் வில்லியம் எட்வர்ட் கேம்பெல். முதல் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் போரிட்டு உயர்ந்த வீர விருதுகள் பெற்றவர். பிறகு ஒரு கப்பல் நிறுவனத்தில் உயர் பதவி வகித்தார். 1933இல் வந்த அவருடைய ‘கம்பெனி கே’ நாவலில் ஒரு படைப்பிரிவின் வீரர்கள் ஒவ்வொருவராக வந்து பேசுவார்கள். சரணடைந்த கைதிகளைச் சுட்டுக்கொல்லும் நிகழ்வு அதன் மையம். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுக் கொலை செய்வதை எழுதியவர், இருபது ஆண்டு கழித்து, எந்த உத்தரவும் இல்லாமல் கொலை செய்கிற நல்ல குடும்பத்துப் பிள்ளையை எழுதினார். இந்த இரண்டு நாவல்களையும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு மார்ச் வெறும் திகில் எழுத்தாளர் அல்லர் என்பது விளங்கும். ‘தி பேட் சீட்’ 1954 ஏப்ரலில் வெளிவந்தது. மே மாதமே அவர் நியூ ஆர்லியன்ஸில் இறந்துபோனார். அந்த டிசம்பரில் மேக்ஸ்வெல் ஆண்டர்சன் அதை நாடகமாக்கி பிராட்வேயில் மேடையேற்றி, அது 334 முறை நடந்ததை அவர் பார்க்கவில்லை.

இயக்குநர் லெராய் செய்த மிக நல்ல காரியம், நாடகத்தின் முக்கியமான நடிகர்களை அப்படியே படத்துக்குக் கொண்டுவந்தது. தாயாக நான்சி கெல்லி, மகளாகப் பேட்டி மெக்கார்மக், வேலைக்காரனாக ஹென்றி ஜோன்ஸ், இறந்த சிறுவனின் தாயாக ஐலீன் ஹெக்கார்ட். மெக்கார்மக் 1945இல் பிறந்தவர். மேடையேறியபோது ஒன்பது வயது. கெல்லி, ஹெக்கார்ட், மெக்கார்மக் மூவருமே ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். ஒளிப்பதிவாளர் ஹால் ராசனும். ஒன்றும் கிடைக்கவில்லை. மேடைக் குரலும் மேடைக் கையசைவும் படத்தில் தூக்கலாகத் தெரிகின்றன என்று அன்றே குறை சொன்னார்கள். கெல்லியின் நடிப்பில் அது உண்மைதான். ஆனால் ரோடாவுக்கு அந்த மிகை பொருந்துகிறது. அவள் வீட்டுக்குள்ளேயே மேடையில் வாழ்கிறவள். யார் வந்தால் எந்த முகம் காட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்காரி மோனிகா பிரீட்லவ் இந்த முகத்தில் மயங்கிக் கிடக்கிறாள். வியன்னாவுக்குப் போய் ஃபிராய்டையே சந்தித்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பெண்மணி. எதிரே இருப்பவர் வாய் தவறிச் சொல்லும் சொல்லுக்குக்கூட உட்பொருள் சொல்வாள். கண்ணெதிரே இருக்கும் பிள்ளையை மட்டும் அவளால் படிக்க முடியவில்லை. பரிசு மேல் பரிசாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். பிள்ளையும் கொடுக்கிறவர்களுக்கு வேண்டியதைத் திருப்பிக் கொடுக்கிறது: ஓர் அணைப்பு, ஒரு முத்தம், அவ்வளவுதான்.

ரோடாவைச் சரியாகப் படித்தவன் ஒரே ஒருவன். அடித்தளத்து அறையில் மரச்சீவல் பரப்பிப் படுத்து உறங்கும் வேலைக்காரன் லெராய். அவன் நல்லவன் அல்லன். வக்கிரமானவன், குழந்தையைச் சீண்டி இன்பம் காண்கிறவன். சிறுவனைக் கொன்றது நீதான், ரத்தம் கழுவினாலும் போகாது, உன்னைப் போன்றவர்களுக்குத் தனியாக மின்சார நாற்காலி வைத்திருக்கிறார்கள் என்று மிரட்டிக்கொண்டே இருக்கிறான். மிரட்டத் தொடங்கியபோது அது வெறும் வாய்ப்பேச்சு. அவள் முகம் மாறுவதைக் கண்டபோதுதான் அவனுக்கே உறைக்கிறது. அவன் சொல்வதை அந்த வீட்டில் யாரும் காதில் வாங்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். மேல்மாடியில் உளவியல் பேசுகிறவர்களுக்குத் தெரியாத உண்மை கீழே தூங்குகிறவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதோடு அவன் எரிந்துபோகிறான்.

பள்ளியின் நிலையைப் பாருங்கள். தலைமையாசிரியை மிஸ் ஃபெர்னுக்குச் சந்தேகம் இருக்கிறது. கடைசியாகக் கிளாட்டோடு இருந்தவள் ரோடா என்பதும், அவள் பதக்கத்தைப் பறிக்க முயன்றாள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் எடுக்கும் நடவடிக்கை என்ன? அடுத்த ஆண்டு எங்கள் பள்ளியில் உங்கள் மகளுக்கு இடம் இராது என்று நாகரிகமாகத் தாயிடம் சொல்லிவிடுகிறார். அவ்வளவே. ஒரு சிறுவன் செத்திருக்கிறான். பள்ளியின் பெயர் கெடாமல் காரியம் முடிந்துவிடுகிறது.

இவர்களுக்கு நடுவே ஹார்டென்ஸ் டெய்கில் இரண்டு முறை உள்ளே வருகிறாள். செத்துப்போன கிளாட்டின் தாய். குடித்திருக்கிறாள், கால் நிலைகொள்ளவில்லை. முன்பு அழகு நிலையத்தில் வேலை பார்த்தவள். இந்த வீட்டுச் சோபாக்களுக்கும் இந்தப் பேச்சுக்கும் தான் அந்நியம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்; தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லியும் விடுகிறாள். அவள் கேட்பது நியாயமும் அல்ல, தண்டனையும் அல்ல. என் பிள்ளையைக் கடைசியாகப் பார்த்தது உன் பெண், அவளிடம் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும், அந்தப் பதக்கம் எங்கே போனது என்று தெரிய வேண்டும். இவ்வளவுதான். ஹெக்கார்ட் இந்தக் காட்சிகளில் செய்திருப்பதைப் போல் துக்கத்தை நடித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பிதற்றுகிறாள், மன்னிப்புக் கேட்கிறாள், குழைகிறாள், சட்டென்று குத்துகிறாள். அத்தனைக்கும் நடுவே அவள் கண் மட்டும் எதையோ தேடிக்கொண்டே இருக்கிறது. கிறிஸ்டீன் அவளைத் தேற்றுகிறாள். உண்மையாகவே மனம் உருகித் தேற்றுகிறாள். இரண்டாம் முறை அவள் வரும்போது பதக்கம் எங்கே கிடைத்தது என்பது கிறிஸ்டீனுக்குத் தெரியும். சொல்லவில்லை.

இங்கிருந்துதான் நான் சொல்ல வந்த செய்தி தொடங்குகிறது. மகள் குற்றத்தை ஒப்புக்கொண்டதும் கிறிஸ்டீன் முதலில் செய்வது என்ன? அந்தக் காலணிகளைக் குப்பை எரிக்கும் உலையில் போடச் சொல்கிறாள். தடயத்தை அழிக்கிறாள். எந்தத் தாயும் அந்தக் கணத்தில் அதைச் செய்யக்கூடும். அதற்காக அவளை நான் பழிக்கவில்லை. ஆனால் இன்னொன்று உண்டு. தன் தந்தை ரிச்சர்ட் பிராவோவிடமிருந்து தன் பிறப்பின் ரகசியத்தை அவள் பிடுங்கி எடுக்கிறாள். அவள் வளர்ப்பு மகள். பெற்றவள் பெஸ்ஸி டென்கர் என்ற பேர்போன கொலைகாரி. அந்த நொடியில் கிறிஸ்டீனுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. தன் ரத்தத்தின் வழியே அது மகளுக்குப் போயிருக்கிறது. தான் வெறும் வழி.

அதே கூடத்தில் சற்று முன்னர்தான் ஒரு வாதம் நடந்திருக்கிறது. குற்றக் கதை எழுதும் டாஸ்கர், பிறவியிலேயே மனச்சாட்சி இல்லாமல் பிறப்பவர்கள் உண்டு என்கிறார். பிராவோ, இல்லை, வளர்ப்பும் சூழலும்தான் எல்லாம் என்று அடித்துச் சொல்கிறார். அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக மறுக்கிறார் என்பது பின்னால் புரியும்போது, அவர் சொன்னதே பொய்யாகிவிட்டதாகப் படம் காட்டுகிறது. ஆனால் அவர் சொன்னதற்குச் சான்று அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. கொலைகாரியின் வயிற்றில் பிறந்து, அன்பான வீட்டில் வளர்ந்து, அடுத்தவர் துக்கத்துக்கு உருகும் பெண்ணாக நிற்கிறாள் கிறிஸ்டீன். விதைதான் எல்லாம் என்றால் இவள் எப்படி வந்தாள்? ஒரு தலைமுறை தாண்டிவிட்டது என்று கதை ஒரு சமாதானம் சொல்கிறது. ஒத்துவராத ஆளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கொள்கையைக் காப்பாற்றும் சமாதானம் அது.

இந்தக் கொள்கை மார்ச்சின் கற்பனையில் உதித்ததன்று. 1877இல் ரிச்சர்ட் டக்டேல் நியூயார்க் சிறைகளில் அடைபட்டிருந்த உறவினர்களைத் தொடர்ந்து சென்று ஒரு குடும்பத்தின் குற்றவரலாற்றை எழுதினார். அவர் சூழலுக்கும் இடம் கொடுத்திருந்தார். அவரை மேற்கோள் காட்டியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். 1912இல் ஹென்றி காடர்ட் ‘காலிகாக் குடும்பம்’ எழுதினார். பின்னால் அந்த ஆய்வு நிற்கவில்லை. ஆனால் அதற்குள் கட்டாயக் கருத்தடைச் சட்டங்கள் வந்துவிட்டன. (பிறப்பாலேயே குற்றவாளி என்ற எண்ணம் சட்டமானால் என்ன ஆகும் என்பதை நாம் அமெரிக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1871இன் குற்றப்பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அது தனியாகப் பேச வேண்டிய பொருள்.)

வர்ஜீனியாவில் கேரி பக் என்ற பெண்ணுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவள். பதினேழு வயதில் கருவுற்றாள். அந்தக் குடும்பத்து உறவினன் ஒருவன் தன்னைக் கெடுத்தான் என்று அவள் சொன்னாள். அவளை மனவளர்ச்சி குன்றியவள் என்று முத்திரை குத்தி, அவளுடைய தாய் ஏற்கெனவே அடைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்கே அனுப்பினார்கள். பிறந்த குழந்தை விவியன் சில மாதச் சிசுவாக இருக்கும்போதே அதுவும் சரியில்லாத குழந்தை என்று சாட்சி சொன்னார்கள். மூன்று தலைமுறை, போதும் என்ற பொருள்பட நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1927 மே 2 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எழுதினார். ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் ஒரே பக்கம். கேரிக்கு அவள் விருப்பமில்லாமலே கருத்தடை அறுவை நடந்தது. அமெரிக்காவில் இப்படி அறுவைக்கு ஆளானவர்கள் 60,000 பேருக்கு மேல். அந்தச் சிசு விவியன் பள்ளிக்குப் போனாள். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பட்டியலில் அவள் பெயர் இடம்பெற்றது. 1932இல் நோய்வாய்ப்பட்டு இறந்தாள். அப்போது அவளுக்கு வயது எட்டு.

ரோடாவுக்கும் எட்டு வயது. ஒருத்தி கற்பனை, ஒருத்தி உண்மை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் விவியனை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

கிறிஸ்டீன் கடைசியில் செய்வதைப் பாருங்கள். இரவில் மகளைப் படுக்கையில் உட்கார்த்தி, புது வைட்டமின் என்று சொல்லித் தூக்க மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் கொடுக்கிறாள். கதை படித்துக் காட்டுகிறாள். மகள் கண்ணயர்ந்ததும் அடுத்த அறைக்குப் போய்த் தன்னைச் சுட்டுக்கொள்கிறாள். படத்தின் மிக மென்மையான காட்சி இதுதான். தாய்க்கும் மகளுக்கும் நடுவே பொய்யற்ற நெருக்கம் தெரிவதும் இங்கேதான். ரோடா பதக்கத்துக்காகக் கொன்றாள், கண்ணாடி உருண்டைக்காகக் கொன்றாள், காலணித் தடயத்தை மறைக்கக் கொன்றாள். அவளுக்குப் பரம்பரை பற்றி எதுவும் தெரியாது. விதை, ரத்தம், பிறவிக் குணம் என்பதை நம்பி ஒருவர் இன்னோர் உயிரை எடுக்கத் துணிவது இந்தப் படத்தில் ஒரே ஒரு முறைதான் நடக்கிறது. அதைச் செய்பவள் கிறிஸ்டீன். இதற்கு இனி மருந்தில்லை, இது வளரும், தொடரும் என்று அவள் உறுதியாக நம்புகிறாள். ஒரு மருத்துவரை அழைக்கவில்லை. கணவனுக்குச் சொல்லவில்லை. கொள்கை அவளுக்கு மற்ற கதவுகளையெல்லாம் சாத்திவிட்டது.

அப்படியானால் பிறவிக்கு இதில் பங்கே இல்லையா என்று மாணவர்கள் கேட்கலாம். இருக்கிறது. 2005இல் எஸ்ஸி விடிங்கும் சக ஆய்வாளர்களும் பிரிட்டனில் ஏழு வயது இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், பிறர் வலியைக் கண்டு கலங்காத தன்மையில் மரபணுவின் பங்கு வலுவாகவே தெரிந்தது. அதே வேளையில் 2016இல் லூக் ஹைடும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் 561 தத்துக் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். பெற்ற தாயிடம் சமூக விரோத நடத்தை இருந்தால் குழந்தையிடம் அந்தக் கலங்காத தன்மைக்கு வாய்ப்புக் கூடியது. ஆனால் வளர்ப்புத் தாய் பாராட்டி ஊக்கம் கொடுத்து வளர்த்த குழந்தைகளிடம் அந்தத் தொடர்பு மங்கிப்போனது. பெஸ்ஸி டென்கரும் கிறிஸ்டீனும் பிராவோவின் வீடும் அந்த ஆய்வுக்குள் இருப்பதுபோலவே எனக்குப் பட்டது. பிராவோவும் டாஸ்கரும் ஆளுக்குப் பாதி சரி. கிறிஸ்டீன் கேட்டது ஒரு பாதியை மட்டும்.

இனி முடிவுக்கு வருகிறேன். நாவலிலும் நாடகத்திலும் கிறிஸ்டீன் இறந்துவிடுகிறாள். துப்பாக்கிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பிள்ளையைக் காப்பாற்றிவிடுகிறார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆள் போய்விட்டாள். எதுவும் தெரியாத தந்தை மகளை அணைத்துக்கொண்டு நிற்கிறார். ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் இதற்கு இடம் தரவில்லை. குற்றம் செய்தவர் தண்டனையின்றித் தப்பக்கூடாது. ஆகவே ஜான் லீ மேஹினின் திரைக்கதையில் தாய் பிழைத்துக்கொள்கிறாள். புயலடிக்கும் இரவில் ரோடா தனியாகப் படகுத்துறைக்குப் போய்த் தண்ணீரில் பதக்கத்தைத் துழாவுகிறாள். மின்னல் விழுந்து இறக்கிறாள். அதற்குமேல் ஒரு காட்சி. மேடை நாடகம் முடிந்தாற்போல நடிகர்கள் ஒவ்வொருவராக வந்து தலை வணங்குகிறார்கள். கடைசியில் நான்சி கெல்லி பேட்டி மெக்கார்மக்கைப் பிடித்து மடியில் கவிழ்த்துப் போட்டு அடிக்கிறார். எல்லாம் நடிப்புத்தான், பயப்படாமல் வீட்டுக்குப் போங்கள் என்று ரசிகர்களுக்குத் தைரியம் சொல்லி அனுப்புகிறார்கள்.

தணிக்கையால் கெட்டுப்போன முடிவு என்று இதைச் சொல்வார்கள். 1985இல் தொலைக்காட்சிக்காக மறுபடி எடுத்தபோது பழைய முடிவைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2018இல் ராப் லோ இயக்கிய இன்னொரு தொலைக்காட்சிப் படத்தில் பேட்டி மெக்கார்மக்கே மனநல மருத்துவராக வந்தார். என் குறை வேறு. மின்னல் ரோடாவைத் தண்டித்ததைவிடக் கிறிஸ்டீனைக் காப்பாற்றியதுதான் எனக்கு உறுத்துகிறது. அவள் கையால் தொடங்கிய காரியத்தை வானம் முடித்து வைக்கிறது. அவள் எண்ணியது சரி என்று வானமே சாட்சி சொன்னதுபோல் ஆகிவிடுகிறது. மருத்துவமனையில் இருந்தபடி, செய்ததற்கு உரிய விலையைக் கொடுப்பேன் என்கிறாள் அவள். மகளுக்கு மாத்திரை கொடுத்ததற்கான விலையா, கொலைகளை மறைத்ததற்கான விலையா என்று யாரும் கேட்கவில்லை. அந்த விசாரணையைப் படம் தொடங்கவே இல்லை.

ஹார்டென்ஸ் டெய்கிலுக்கும் பதில் இல்லை. பதக்கம் எங்கே என்றுதான் அவள் இரண்டு முறை வந்து கேட்டாள். மகளின் கடைசி நாளுக்கு முன் கிறிஸ்டீன் அதைக் கொண்டுபோய்ப் படகுத்துறைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டாள். பெற்றவள் கையில் கொடுக்கவில்லை. பிள்ளை எப்படிச் செத்தான் என்று படம் முடியும்வரை யாரும் அவளிடம் சொல்லவில்லை. நடிகர்கள் தலை வணங்கும் அந்தக் கடைசிக் காட்சியில் ஹெக்கார்டும் வருகிறார். நல்ல உடையில், குடிவெறி தெளிந்து, சிரித்த முகத்தோடு. படம் பார்த்தவர்களின் அச்சத்தைப் போக்க அவ்வளவு அக்கறை காட்டியவர்கள், அந்தத் தாய் கேட்ட இரண்டு வார்த்தைக்கு ஒரு காட்சி ஒதுக்கியிருக்கலாம்.